காற்றுக்குச் சீப்புச் செய்த சிற்பி

கலை என்றதும் எம்மவர் மனதில் முதலில் தோன்றுவன பரதமும் வாய்ப்பாட்டும் மிருதங்கமுமே. வார இறுதி நாட்களில் எமது பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதும் இவற்றைக் கற்பிக்கும் வகுப்புகளுக்குத்தான். சிற்பம் என்றால் அது கோயிலுக்குரியது, ஸ்தபதியார் செய்வது என்பதோடு எமது எண்ணம் நின்றுவிடுகிறது. முகமில்லாத, கையில்லாத, காலில்லாத ஓர் இரும்புத் துண்டை நகரச் சதுக்கத்தில் நட்டு வைத்து, அதனைச் சிற்பம் என்று இந்நாட்டவர் சொல்லும்போது எமக்குச் சிரிப்பு வருகிறது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வரும் வழியிலும் இத்தகைய இரும்புகளை நாம் பல ஆண்டுகளாகக் கடந்து செல்கிறோம். அவற்றில் சிலவற்றின் பின்னால், எமது கதையைப் போன்ற கதையுடைய ஒரு சிறிய இனத்தின் துயரமும் உறுதியும் இருக்கின்றன என்பதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கு மூலையிலுமாகப் பிரிந்து கிடக்கும் நிலப்பரப்பில் வாழ்பவர்கள் பாஸ்க் மக்கள். அவர்களுக்குத் தனி அரசு இல்லை. தனி மொழி உண்டு. அந்த மொழி ஐரோப்பாவின் வேறெந்த மொழியுடனும் உறவு நிறுவப்படாத மொழி. மலையும் கடலும் இரும்புச் சுரங்கங்களும் அவர்களுடைய செல்வங்கள். பில்பாவோ நகரைச் சூழ்ந்த மலைகளிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட இரும்புக் கல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குச் சென்றது. அந்த மண்ணில் இரும்படித்தல் பல நூற்றாண்டுகளின் தொழில்.

அம்மக்களிடையே, சான் செபஸ்தியான் என்னும் கடற்கரை நகரில், 1924ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி பிறந்தவர் எடுவார்டோ சில்லிடா. அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, 1936இல், ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், பாஸ்க் மக்களின் புனித நகரான கேர்னிகாவை ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு வீசி அழித்தன. அது சந்தை நாள். அடுத்த மாதமே, ஏறத்தாழ நாலாயிரம் பாஸ்க் குழந்தைகள், பெற்றோரைப் பிரிந்து, ‘ஹபானா’ என்னும் ஒரே கப்பலில் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் துறைமுகத்தை அடைந்தார்கள். அகதி என்ற சொல்லின் பாரம் அந்த மக்களுக்கும் நன்றாகத் தெரியும். 1939இல் போர் முடிந்து பிராங்கோவின் ஆட்சி நிலைபெற்றதும், பாஸ்க் மொழி பொது வாழ்விலிருந்து விலக்கப்பட்டது. பிறந்த குழந்தைக்குப் பாஸ்க் பெயரைப் பதிவு செய்வதுகூட அனுமதிக்கப்படவில்லை.

சில்லிடா இளமையில் உதைபந்தாட்ட வீரர். தமது நகரத்தின் புகழ்பெற்ற கழகமான றியல் சொசியெடாட்டின் பந்துக் காப்பாளராக விளையாடினார். முழங்காலில் ஏற்பட்ட காயம் அந்த வாழ்வை முடித்து வைத்தது. 1943இல் மட்றிட் சென்று கட்டடக்கலை பயின்றார். அதனையும் முடிக்காமல் இடையில் விட்டுவிட்டு வரையத் தொடங்கினார். எமது குடும்பங்களில் ஒரு பிள்ளை இவ்வாறு செய்தால் வீட்டில் என்ன நிகழும் என்பதனை வாசகர்கள் அறிவார்கள். பட்டம் பெறாத மகன், விளையாட்டிலும் நிலைக்காத மகன் என்று ஊர் பேசும்.

அவர் வரைந்த காலத்தைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு செய்தி எமது சிந்தனைக்குரியது. அவருடைய வலது கை மிகவும் இலாவகமாக ஓடியது. மனம் எண்ணுவதற்கு முன்பே கை வரைந்து முடித்துவிட்டது. அந்த இலகுவில் உண்மை இல்லை என்று கருதிய அவர், வேண்டுமென்றே இடது கையால் வரையத் தொடங்கினார். கை தடுமாறத் தடுமாற மனம் முன்னே சென்றது. எளிதாகக் கைவந்ததைக் கைவிட்டுக் கடினமானதைத் தேடிச் செல்லும் இந்தப் பண்பு, அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

1948இல் அவர் பரிஸ் நகரத்துக்குச் சென்றார். லூவ்ர் அருங்காட்சியகத்திலுள்ள பழைய கிரேக்கச் சிற்பங்களில் மனதைப் பறிகொடுத்து, வெண்சாந்தில் மனித உருவங்களைச் செய்தார். அவை பாராட்டவும் பட்டன. ஆயினும், ஒரு கட்டத்தில் அவரால் மேலே செல்ல முடியவில்லை. கிரேக்கத்தின் வெண்ணிற ஒளி தமது ஒளி அன்று என்பது அவருக்குப் புலப்பட்டது. மழையும் முகிலும் மூடிய அத்திலாந்திக் கரையின் கருமையான ஒளியே தமக்குரியது என்று அவர் உணர்ந்தார். 1950இல் பிலார் பெல்சுன்சே என்னும் பெண்ணை மணந்த அவர், 1951இல் மனைவியுடன் பாஸ்க் நாட்டுக்குத் திரும்பி எர்னானி என்னும் ஊரில் குடியேறினார்.

அங்கே அவர் நாடிச் சென்றது ஒரு கலைக் கல்லூரியை அல்ல, ஒரு கம்மாலையை. மனுவேல் இல்லாரமெண்டி என்னும் உள்ளூர்க் கொல்லரின் உலைக்களத்தில் அவர் இரும்படிக்கக் கற்றுக்கொண்டார். அதே ஆண்டில் அவர் செய்த முதலாவது அரூபச் சிற்பத்தின் பெயர் ‘இலாரிக்’. பாஸ்க் மொழியில் அது கல்லறைகளின் தலைமாட்டில் நடப்படும் நினைவுக்கல்லைச் சுட்டும் சொல்லிலிருந்து வந்தது. நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்பு; அதில் முகமில்லை, பெயரில்லை. தமது மொழி ஒடுக்கப்பட்டிருந்த நாட்டில், இறந்தவர்களுக்கான கல்லின் பெயரை அம்மொழியிலேயே தமது முதற் படைப்புக்குச் சூட்டினார். அதன் பின்னரும் பல படைப்புகளுக்குப் பாஸ்க் மொழியிலேயே பெயரிட்டார். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் அந்தப் பெயர்கள் மொழிபெயர்க்கப்படாமலே எழுதி வைக்கப்பட்டுள்ளன. மொழியைக் காப்பதற்கு மேடைப் பேச்சைத் தவிர வேறு வழிகளும் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

கம்மாலை என்றதும் எமக்கு எமது ஊரின் நினைவு வராமல் இருக்க முடியாது. துருத்தி ஊதும் ஓசை, உலையில் கனலும் கரி, குறட்டால் பிடித்த சிவந்த இரும்பு பட்டடையில் விழும்போது பறக்கும் பொறி, தோய்ச்சலுக்காகத் தண்ணீருக்குள் அமிழ்த்தும்போது எழும் சீற்றம் ஆகியவற்றைக் கண்டு வளர்ந்த தலைமுறை எமது தலைமுறை. மண்வெட்டியும் கத்தியும் கோடரியும் வண்டிச் சக்கரத்தின் பட்டமும் அங்கிருந்துதான் வந்தன. எனினும், அந்தப் பட்டடையின் அருகே நின்ற மனிதரை எமது சமூகம் எந்த இடத்தில் நிறுத்தி வைத்தது என்பதனையும் மறைப்பதற்கில்லை. அவர் செய்த கத்தி எமது அடுக்களைக்குள் வந்தது. அவர் வாசலோடு நின்றார். வசதியான குடும்பத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் சென்ற ஒருவர், கொல்லரின் முன் மாணவராக நின்று தொழில் கற்ற செய்தியை நாம் வாசிக்கும்போது, எமது பழைய கணக்குகள் எத்துணை பிழையானவை என்பது விளங்குகின்றது. எமது ஊரிலும் ஒரு சில்லிடா பிறந்திருக்கலாம். அவர் எந்தக் கம்மாலைக்குள் நுழைந்திருப்பார்? நுழைய அவருடைய பெற்றோர் விட்டிருப்பார்களா?

சில்லிடாவின் இரும்பு வேலையின் இயல்பைச் சிறிது விளக்குதல் தகும். களிமண்ணைப் போல இரும்பு கைக்கு வளைந்து கொடுப்பதில்லை. கல்லைப் போலச் செதுக்கவும் இயலாது. செந்தணலாய்ப் பழுத்திருக்கும் சில நிமிடங்களுக்குள் அடித்து வளைத்துவிட வேண்டும். சூடு ஆறினால் மீண்டும் உலையில் இட வேண்டும். தொடக்கத்தில் அவர் தமது கைச் சம்மட்டியால் அடித்தார். பின்னர் படைப்புகள் பெருகிப் பருத்தபோது, பெரிய உருக்காலைகளின் தொழிலாளருடன் சேர்ந்து, பாரந்தூக்கிகளையும் பொறிச் சம்மட்டிகளையும் கொண்டு, தொன் கணக்கான எஃகுத் திரள்களை வளைத்தார். பல தொன் எடையுள்ள எஃகு, மரத்தின் கிளையைப் போல, விரல்களைப் போல வளைந்து நிற்பதைக் காணும்போது, அதனை வளைத்த மனிதர்களின் வியர்வையும் எமக்குப் புலனாகின்றது. எம்மவரில் எத்தனையோ பேர் இந்நாட்டு உலோகத் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தவர்கள். அந்த வெப்பம் எத்தகையது என்பதனை எவரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1958இல் வெனிஸ் நகரின் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான பெரும் பரிசு சில்லிடாவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 34 வயது. இதில் ஒரு முரண்பாடும் உண்டு. பிராங்கோவின் அரசு தன்னை நாகரிகமான அரசாக உலகுக்குக் காட்டும் பொருட்டு, அரூபக் கலைஞர்களின் படைப்புகளை வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்பி வைத்தது. உள்ளே மொழியை ஒடுக்கிய கையே வெளியே கலையைக் காட்டிப் பெருமை தேடியது. எனினும், அதே தலைநகரில், 1972இல், நகரப் பாலமொன்றின் கீழ்த் தொங்கவிடுவதற்கென அவர் செய்த கொங்கிறீற்றுச் சிற்பத்துக்கு, பாலம் பாரம் தாங்காது என்று கூறி அனுமதி மறுக்கப்பட்டது. பிராங்கோ 1975இல் இறந்த பின்னர், 1978இல்தான் அச்சிற்பம் அங்கே தொங்கியது. இன்றும் தொங்குகின்றது. பாலமும் விழவில்லை.

அவருடைய படைப்புகளுள் மக்கள் மனதில் நிலைத்தது ‘காற்றின் சீப்பு’. இந்தப் பெயரில் முதற் சிறு சிற்பத்தை 1950களின் தொடக்கத்தில் செய்தார். அதே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப வேறு வேறு வடிவில் செய்துகொண்டே இருந்தார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து, 1977இல், தாம் பிறந்த நகரின் கடற்கரை முடிவில், இகெல்டோ மலையின் அடிவாரப் பாறைகளில் அதன் நிறைவான வடிவம் நிலைபெற்றது. ஒவ்வொன்றும் பத்துத் தொன் அளவுள்ள மூன்று எஃகு உருவங்கள் அலையடிக்கும் பாறைகளில் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு செல்வதற்காகவே தற்காலிகப் பாலம் அமைக்க வேண்டியிருந்தது. சுற்றியுள்ள முற்றத்தை அமைத்தவர் லூயிஸ் பெனியா கன்செகி என்னும் கட்டடக் கலைஞர். அலை எழும்போது தரையிலுள்ள துளைகளினூடாகக் காற்றும் நீர்த்துளிகளும் பீறிட்டு வருகின்றன. கடலிலிருந்து நகருக்குள் வரும் காற்றை அந்த இரும்பு விரல்கள் வாரிச் சீவி அனுப்புவதாகக் கற்பனை. தாய் பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது போல என்று நாம் எண்ணிக்கொண்டோம். ஒரு மனிதர் ஓர் எண்ணத்துக்காகக் கால் நூற்றாண்டு காத்திருந்து உழைத்தார் என்பதே அந்தச் சிற்பத்தைவிட எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

ஜேர்மனியில் வாழும் எமது வாசகர்கள் ஸ்பெயினுக்குச் செல்லாமலே சில்லிடாவைக் காணலாம். மியூன்ஸ்ரர் நகரில் பழைய நகர மண்டபத்தின் பின்புறம், 1993இல், ‘உரையாடலினூடாகச் சகிப்பு’ என்னும் பொருளுடைய அவருடைய படைப்பு வைக்கப்பட்டது. 1648ஆம் ஆண்டு ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே எண்பது ஆண்டுகள் நீடித்த போரை முடிக்கும் உடன்படிக்கை உறுதிசெய்யப்பட்டது அந்த மண்டபத்தில்தான். அதே ஆண்டில் முப்பது ஆண்டுப் போரும் முடிவுக்கு வந்தது. அந்தச் சமாதானத்தின் நினைவாக அவர் வைத்தது வெற்றித்தூண் அன்று. அரசர்களின் சிலையும் அன்று. எதிரெதிரே அமைந்த இரண்டு எஃகு வாங்குகள் மட்டுமே.

குடும்பத்துடன் நாம் அங்கு சென்றிருந்தோம். “இது வாங்கா, சிலையா?” என்று எமது மகள் கேட்டாள். உருக்காலையில் பல்லாண்டு வேலை செய்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரும் எம்முடன் வந்திருந்தார். அவர் அந்தப் பழுப்பேறிய எஃகைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “துருப்பிடிச்ச இரும்பைக் கொண்டுவந்து நகர மண்டபத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறாங்களே தம்பி” என்றார். பின்னர் அவரே, செம்பும் குரோமியமும் சிறிதளவு சேர்த்த ஒருவகை எஃகு உண்டென்றும், அதன் மேற்பரப்பில் படரும் துரு உதிராமல் இறுகி உள்ளிருக்கும் எஃகைக் காக்கும் என்றும், அதற்கு நிறப்பூச்சே தேவையில்லை என்றும் விளக்கினார். முப்பது வருட அனுபவம் அவருடைய விரல் நுனியில் இருந்தது. மகள் ஒரு வாங்கில் அமர்ந்தாள். அவர் மற்றதில் அமர்ந்தார். அவளுக்குத் தமிழ் தடக்கும். அவருக்கு டொச் தடக்கும். அன்று அரை மணி நேரம் இருவரும் இரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். வீட்டில் ஒரே மேசையில் இருந்து உண்ணும்போது அவர்கள் அவ்வாறு பேசி நாம் கண்டதில்லை.

பேர்ளினில், ஜேர்மன் அரசுத் தலைவரின் அலுவலகத்தின் முன் முற்றத்தில், சில்லிடாவின் மற்றொரு பெரும் படைப்பு நிற்கின்றது. ஐந்தரை மீற்றர் உயரமும் ஏறத்தாழத் தொண்ணூறு தொன் எடையும் கொண்ட அந்த எஃகுச் சிற்பத்தின் கரங்கள் ஒன்றையொன்று நாடி நீள்கின்றன. பிரிந்திருந்து இணைந்த ஜேர்மனியை அது குறிக்கின்றது என்பர். 2000ஆம் ஆண்டளவில் அது அங்கே வைக்கப்பட்டது. கேர்னிகாவில் குண்டு வீசியவை ஜேர்மன் விமானங்கள். அதற்கான பொறுப்பை ஏற்று, அறுபதாம் ஆண்டு நினைவின்போது, 1997இல், ஜேர்மனியின் அன்றைய சனாதிபதி றோமன் ஹெர்சோக் உயிர் தப்பியவர்களுக்கு எழுதினார். அதன் பின் சில ஆண்டுகளில் ஒரு பாஸ்க் சிற்பியின் கரங்கள் அந்நாட்டின் அதிகார வாசலில் நீண்டு நின்றன. அறுபது ஆண்டுகள் கழிந்தாலும், செய்ததை ஏற்றுக்கொள்ளும் சொல்லுக்கு ஒரு பெறுமதி உண்டு. அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கும் நாம் இதனை மற்றவர்களிலும் நன்றாக உணர்வோம்.

கேர்னிகாவிலேயே அவர் வைத்த நினைவுச்சின்னம் கொங்கிறீற்றால் ஆனது. 1988இல் எழுந்த அதற்கு ‘எமது தந்தையின் வீடு’ என்று பாஸ்க் மொழியில் பெயர். அங்கே அழும் தாயின் உருவம் இல்லை, வீழ்ந்த பிள்ளையின் உருவம் இல்லை, குண்டும் இல்லை. வளைந்த சுவர்களும் ஒரு சாளரம் போன்ற திறப்பும் மாத்திரம் உள்ளன. நடுவில் வெற்றிடம். வருபவர் அந்த வெற்றிடத்தில் நின்று கொள்ளலாம். சில்லிடாவின் கலைக்கு உயிர்நாடி இந்த வெற்றிடமே. இரும்பைவிட இரும்பு சூழ்ந்திருக்கும் வெளியே அவருக்கு முதன்மையானது. ஜேர்மன் தத்துவஞானி ஹைடெக்கர் கலையையும் வெளியையும் பற்றி எழுதிய சிறு நூலொன்று, சில்லிடாவின் படங்களுடன், 1969இல் சுவிற்சலாந்தின் சென் காலன் நகரில் வெளியாயிற்று.

வெற்றிடம் என்பது தத்துவஞானிகளுக்கு மட்டும் உரிய பொருள் அன்று. எமது வீடுகளில் மாலையிடவும் முடியாமல், மாலையிடாமல் இருக்கவும் முடியாமல் தொங்கும் படங்கள் எத்தனை! உடலும் இல்லை, கல்லறையும் இல்லை, மரணப் பத்திரமும் இல்லை என்ற நிலையில் வாழும் குடும்பங்கள் எத்தனை! 2017ஆம் ஆண்டு முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைகளில் அமர்ந்த தாய்மார் கையில் ஏந்தியிருந்தது அந்த வெற்றிடத்தைத்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுச்சின்னம் 2021 ஜனவரியில் இரவோடிரவாக இடிக்கப்பட்டு, எதிர்ப்பின் பின்னர் அதே ஆண்டு மீண்டும் எழுந்ததனையும் நாம் மறக்கவில்லை. நினைவுகொள்ளும் உரிமைக்காகவே போராட வேண்டியிருக்கும் ஓர் இனத்துக்கு, எவ்வாறு நினைவுகொள்வது என்பதும் ஆழ்ந்து எண்ண வேண்டிய வினாவாகும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் நினைவுச்சின்னம் அமைப்பது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், எந்த உருவத்தை வைப்பது என்ற வாக்குவாதமே முதலில் எழுகின்றது. ஒருவர் சொல்லும் உருவம் மற்றவருக்கு உவப்பதில்லை. அவரவர் இழப்பு அவரவருக்குப் பெரிது. ஓர் உருவம் ஒருவரை நினைவூட்டும்போது வேறொருவரை விட்டுவிடுகின்றது. முகமில்லாத ‘இலாரிக்’ எவரையும் விட்டுவிடவில்லை. கேர்னிகாவின் திறந்த வீட்டில் எந்தத் தாயும் தன் பிள்ளையை நிறுத்திப் பார்க்கலாம். உருவச் சிலைகள் வேண்டாம் என்பது எமது வாதம் அன்று. பார்ப்பவர் தமது துயரத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கு ஓர் இடம் விட்டு அமைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

தமது இறுதிக் காலத்தில் சில்லிடா, எர்னானிக்கு அருகிலுள்ள பதினாறாம் நூற்றாண்டுப் பண்ணை வீடொன்றையும் அதன் புல்வெளியையும் தமது சிற்பங்களின் உறைவிடமாக்கினார். ‘சில்லிடா லேக்கு’ என்று அதற்குப் பெயர். ‘லேக்கு’ என்றால் பாஸ்க் மொழியில் இடம். 2000ஆம் ஆண்டில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் நினைவு மறதி நோய் அவரைப் பற்றியிருந்தது. நினைவுக்கே வாழ்வை அளித்தவரின் நினைவை நோய் கவர்ந்தது கொடுமையே. 2002 ஆகஸ்ட் 19ஆம் நாள் அவர் காலமானார். பணமுட்டுப்பாட்டினால் 2011இல் மூடப்பட்ட அந்த இடம், 2019இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று பெற்றோர் பிள்ளைகளுடன் சென்று அந்த மரங்களிடையே நிற்கும் எஃகு உருவங்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

சொந்த மண்ணுக்குத் திரும்பிச் சென்று, அந்த மண்ணின் இரும்பிலே தம்மைக் கண்டுகொள்ளும் பேறு சில்லிடாவுக்கு வாய்த்தது. எம்மில் பலருக்கு அது வாய்க்கவில்லை. ஆயினும், எமது பிள்ளைகளின் கைகளுக்கு எம்மால் ஒன்று செய்ய முடியும். மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் அன்றி வேறு தொழிலே இல்லை என்பது போல அவர்களை வளர்க்காதிருக்க முடியும். உலோக வேலையோ மர வேலையோ மட்பாண்டமோ கற்க விரும்பும் பிள்ளை தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, “இதற்காகவா இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தோம்” என்று கேட்காதிருக்க முடியும். உருக்காலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்து எம்மை நிலைநிறுத்திய மூத்தவர்களிடம் அந்தத் தொழிலைப் பற்றிக் கேட்குமாறு பிள்ளைகளை ஊக்க முடியும். வரும் கோடை விடுமுறையில் மியூன்ஸ்ரர் பக்கம் செல்பவர்கள் நகர மண்டபத்தின் பின்புறம் சென்று பாருங்கள். அங்கே இரண்டு வாங்குகள் உள்ளன. ஒன்றில் பிள்ளையையும் மற்றதில் பேரனாரையும் இருத்துங்கள்.